பிள்ளை பார்ப்பவளின் பிள்ளையை யார் பார்ப்பது?

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இரண்டு மார்க்கங்கள் இருப்பதாகப் பெரிய பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒன்று, பிள்ளையைக் காப்பகத்தில் விடுவது. மற்றொன்று, சம்பளம் கொடுத்து ஓர் ஆயாவை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்வது. வீட்டோடு ஆள் இருந்தால் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் தொற்றாது, தூக்கம் கெடாது, தாயும் நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம் என்று யோசனை சொல்கிறார்கள். ஆயாவை எப்படிப் பேட்டி காண்பது, எந்தச் சுவரில் கேமரா மாட்டுவது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த யோசனை யாருக்கு? மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஆயாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வாடகையும் கொடுத்து அரிசியும் வாங்கக்கூடியவர்களுக்கு. பல்லடத்திலும் வேடசந்தூரிலும் நூற்பாலையில் ரிங் பிரேம் பார்க்கும் பெண்ணுக்கும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாற்றுப் பறிக்கும் பெண்ணுக்கும் இந்த இரண்டு மார்க்கங்களில் ஒன்றுகூடக் கிடையாது. அவர்களுக்கு இருப்பது மாமியார். மாமியாரும் கூலிக்குப் போகிறவளாக இருந்தால், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மூத்த பெண். அவளும் இல்லையென்றால் வரப்போரத்து மரக்கிளையில் ஒரு தூளி.

இது குடும்ப விஷயம், பெண்கள் பாடு, இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று நினைக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. போனஸ், பஞ்சப்படி, வேலைப்பளு என்று எத்தனையோ தலைக்கு மேல் கிடக்கும்போது தொட்டில் விஷயத்தைப் பேச நேரமா என்று கேட்பார்கள். இது கூலி விஷயம் என்பது நமது கருத்து. சந்தேகம் இருப்பவர்கள் நம்மோடு சேர்ந்து கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு பெண் நாளொன்றுக்கு 450 ரூபாய் கூலிக்கு எட்டு மணி நேரம் உழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆக பத்து மணி நேரம் அவள் பிள்ளையை இன்னொருவர் பார்க்க வேண்டும். பார்க்கிறவளும் மனுஷிதான், அவளுக்கும் மணிக்கு அதே கூலிதான் நியாயம். கணக்குப்படி 562 ரூபாய் 50 காசு ஆகிறது. வாங்குகிற கூலியைவிடக் கொடுக்கிற கூலி 112 ரூபாய் 50 காசு அதிகம்! வேலைக்குப் போனதற்கு அபராதம் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

ஆகவே, கூலிக்கு உழைக்கும் பெண் வீட்டில் ஆள் வைப்பதென்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. தன்னைவிட மிகக் குறைந்த கூலிக்கு இன்னொரு பெண் கிடைக்க வேண்டும். அந்த இன்னொருத்திக்கும் பிள்ளை இருந்தால்? அவள் தனக்குக் கீழே ஒருத்தியைத் தேட வேண்டும். ஏணிபோல இது இறங்கிக்கொண்டே போகிறது. கடைசிப் படியில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் கூலியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அதே கணக்கை இன்னொரு மாதிரி போட்டுப் பார்ப்போம். ஒரே பெண் ஒரு பிள்ளைக்குப் பதில் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால், அவளுக்குக் குறையில்லாத கூலி கொடுத்தும், பிள்ளைக்குப் பங்கு 70 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. பாலும் முட்டையும் இடமும் தனி. இந்த 70 ரூபாயும் தாயின் கூலியிலிருந்து வராமல் ஆலையின் செலவில் வரவேண்டும் என்றால், அங்கே ஆரம்பிக்கிறது நமது கோரிக்கை. பஞ்சுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை முதலாளி தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதில்லை. நாளைக்குத் தறியும் கதிரும் ஓட்டப்போகும் கைகளை வளர்க்கும் செலவை மட்டும் இன்றைய கூலியிலேயே பிடித்துக்கொள்கிறான்.

இனி, பட்டணத்து வீடுகளில் ஆயாவாக இருப்பவர்களின் நிலைமையைப் பார்ப்போம். இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. கூலி வேலை வற்றிப்போன கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வயலில் வேலை நாள் சுருங்கிப்போனது நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வேலை குறைந்த இடத்திலிருந்து ஏஜெண்டு ஒருவன் மூலம் சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ ஒரு பெண் போகிறாள். ஏஜெண்டின் கமிஷன் முதலில் கழிகிறது. வீட்டோடு தங்கும் வேலை என்றால் வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. பிள்ளை எழும்போது எழவேண்டும், பிள்ளை தூங்கும்போது துணி துவைக்கவேண்டும். பிள்ளை பார்க்க என்று அமர்த்தியவளிடம் பாத்திரமும் சேர்ந்துவிடும், பெரியவர்களுக்குச் சமையலும் சேர்ந்துவிடும். சம்பளம் மட்டும் பிள்ளை பார்க்கிற சம்பளமாகவே இருக்கும். அவள் பெற்ற பிள்ளை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. அவள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் அந்தப் பிள்ளைக்குப் பால் வாங்குகிறார்கள். அவள் கையால் புகட்டும் பால் இன்னொரு பிள்ளைக்குப் போகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிள்ளையை நாள் முழுதும் மார்போடு அணைத்துத் தூங்கவைக்கலாம், ஆனால் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வைத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவள் கைபட்ட சோற்றைப் பிள்ளை சாப்பிடலாமாம், அவள் சாப்பிட்ட தட்டு மட்டும் வெளியே இருக்கவேண்டுமாம்! ஜாதி எவ்வளவு வெட்கமற்றது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இவர்களுக்குச் சட்டம் என்ன செய்தது? தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று 2007-ல் ஒரு நலவாரியம் அமைத்தார்கள். பதிவு செய்துகொண்டவர்களுக்குச் சில உதவிகள் உண்டு. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2011 ஜூன் மாதம் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு வேலை நேரமும் வார ஓய்வும் குறைந்தபட்சக் கூலியும் வேண்டும் என்று 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அங்கே ஆதரித்து வோட்டுப் போட்டது. இங்கே திரும்பி வந்து அதை அங்கீகரித்துச் சட்டமாக்குவதில் மட்டும் கை தளர்ந்துவிட்டது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராய ஒரு குழுவை அமைக்கும்படி மத்திய அரசுக்குச் சொல்லவேண்டி வந்தது. வோட்டுப் போட்டு பதின்மூன்று வருஷம் கழித்து, ஆராய ஒரு குழு!

இந்த இடத்தில் நம்மைச் சேர்ந்தவர்களிடமே ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. பாங்கிலும் இன்ஷூரன்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் ஆபீசிலும் வேலை பார்க்கும் தோழர்கள் பலர் வீட்டில் ஆயா வைத்திருக்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் சங்க அங்கத்தினர்கள். அகவிலைப்படி ஒரு சதவீதம் குறைந்தால் வாயிற்கூட்டம் போடுகிறவர்கள். மே தினத்தன்று ஊர்வலம் போகிறார்கள். பிள்ளையைப் பார்க்க ஆயா வீட்டில் இருக்கிறாள். மே தினத்திலும் அவளுக்கு லீவு இல்லை. ஊர்வலத்தில் கோஷம் போட்ட எட்டு மணி நேர வேலை அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

ஆள் வைத்தது தப்பு என்று நாம் சொல்லவில்லை. இன்றுள்ள நிலைமையில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நகரத்துத் தனியார் காப்பகங்கள் பலவற்றின் லட்சணம் நமக்குத் தெரியும். ஒரே அறையில் இருபது பிள்ளைகள், ஜன்னல் ஒன்று, கக்கூஸ் ஒன்று, பார்க்க ஒருத்தி. ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வாரம் முடிவதற்குள் பத்துப் பிள்ளைகளுக்கு வருகிறது. காய்ச்சல் பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று காலையில் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்; அன்றைக்குத் தாய்க்கு லீவு. மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஆறேகால் ஆனால் தனிக் கட்டணம். ஆறு மாதப் பிள்ளையை இப்படிப்பட்ட இடத்தில் விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வீட்டில் ஆள் வைக்கும் தாயைச் சொகுசுக்காரி என்று பேசுவது சுத்த அறியாமை. அதுவும் பிள்ளைக்கு ஒரு நாள்கூடத் துணி மாற்றியிராத ஆண்பிள்ளைகள் அதைப் பேசும்போது கேட்கச் சகிக்கவில்லை. 2019-ல் மத்திய அரசே எடுத்த நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதில் நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிஷம். வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதில் பெண் 134, ஆண் 76. முதலாளி எழுதிய கணக்கல்ல இது. நம் வீட்டுக் கணக்கு.

ஆகவே ஆள் வைத்திருக்கும் தோழர்கள் செய்ய வேண்டியது, தாங்கள் அந்த நேரத்தில் முதலாளி ஸ்தானத்தில் இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்டால் மற்றது சுலபம். வேலை நேரத்தைப் பேசி எழுதிக்கொள்ளட்டும். அதற்குமேல் ஆனால் ஓவர்டைம் கொடுக்கட்டும். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு, பண்டிகை லீவு, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். தானமாகக் கொடுக்கும் பழம்புடவை போனஸ் ஆகாது. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் "நாளையிலிருந்து வேண்டாம்" என்று சொல்லி அனுப்பாமல், ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தரட்டும். நலவாரியத்தில் பதிவு செய்ய அவளோடு கூடப்போய் மனுவைப் பூர்த்தி செய்துகொடுக்கட்டும். அவள் தன் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? கேட்டால், கூடவே அழைத்துவரச் சொல்லும் வீடுகள் சில இருக்கின்றன. இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்குவதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்படிச் செய்தால் ஆயாவின் சம்பளம் உயரும், நமக்குக் கட்டுப்படியாகாதே என்று தோழர்கள் சொல்வார்கள். உண்மை. கட்டுப்படியாகாதுதான். நாம் முதலில் போட்ட கணக்கு அதைத்தான் காட்டுகிறது. ஒருத்தியின் முழு நாளை இன்னொருத்தி நியாயமான விலை கொடுத்து வாங்க, கூலி வாழ்க்கையில் இடமில்லை. அந்தக் கஷ்டத்தை ஆயாவின் வயிற்றில் அடித்துத் தீர்த்துக்கொள்வதா, அல்லது ஆயாவையும் கூட்டிக்கொண்டு காப்பகம் கேட்டுப் போராடுவதா? பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது.

காப்பகம் புதிதாகக் கேட்கும் சலுகையல்ல. இங்கிலாந்து ஆலைகளில் வேலை செய்த தாய்மார்கள் பிள்ளை அழாமல் கிடக்க அபினி கலந்த 'காட்பிரே' மருந்தைப் புகட்டிவிட்டுப் போனதை 1845-ல் எங்கெல்ஸ் எழுதினார். அதே அபினி 1920-களில் பம்பாய் ஆலைத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் இருந்ததை அங்கே விசாரித்த டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கொல்ல வேண்டும் என்று எந்தத் தாயும் அபினி கொடுக்கவில்லை. பத்து மணி நேரம் பார்க்க ஆளில்லாததால் கொடுத்தாள். தொழிலாளர் நிலையை ஆராய வந்த விட்லி கமிஷன் 1931-ல் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த கமிஷனுக்கே கண்ணில் பட்ட விஷயம் இது.

சுதந்திரம் வந்தபின் 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்தின் 48-வது ஷரத்து, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்கவேண்டும் என்றது. காற்றும் வெளிச்சமும் உள்ள அறை, பயிற்சி பெற்ற பெண்கள், பாலூட்டத் தாய்க்கு இடைவேளை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. 1976-ல் 50 என்பதை 30 ஆகக் குறைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு 1951-ம் வருஷச் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இலங்கை மலையகத் தோட்டங்களில் இதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். கொழுந்து கிள்ளப் போகும் தாய் வழியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள். 2017-ல் பிரசவச் சட்டத்தைத் திருத்தியபோது, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு லீவை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த ஸ்தாபனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள்.

காகிதத்தில் குறைவில்லை. ஆலையில் என்ன நடந்தது? காப்பகம் என்று போர்டு மாட்டிய அறைக்குள் பழைய பாபின்களும் உடைந்த நாற்காலிகளும் கிடப்பதைப் பார்த்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஒரு தொட்டில் வெளியே வரும். இது சின்னத் தந்திரம். பெரிய தந்திரம் வேறு. பெண்கள் 30 பேருக்கு மேல் இருந்தால்தானே காப்பகம்? அப்படியானால் கல்யாணமான பெண்ணையே எடுக்காதே! 1990-களின் கடைசியிலிருந்து மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலி' என்ற பெயரில் நடந்தது இதுதான். தென் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கல்யாணமாகாத இளம் பெண்களை மூன்று வருஷத்துக்கென்று அழைத்துவந்து ஹாஸ்டலில் அடைத்து, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். மங்களகரமான பெயர்! கல்யாணம் ஆனதும் அந்தப் பெண்ணுக்கு ஆலையில் இடமில்லை. ஆகவே பிரசவ லீவும் இல்லை, பாலூட்டும் இடைவேளையும் இல்லை, தொட்டிலும் இல்லை. தாய்மையைக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டார்கள்.

இப்போது பழைய பாக்டரிச் சட்டத்தின் இடத்தில் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2019-லும் 2020-லும் நிறைவேற்றிய நான்கு தொகுப்புகளை 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. பெண்களை மட்டும் எண்ணாமல், ஆண், பெண் சேர்த்து 50 தொழிலாளிகள் என்று புதிய கணக்கு வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு நியாயம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. பிள்ளை தகப்பனுக்கும் உரியதுதான். ஆணையும் எண்ணினால் பெண்ணை வேலைக்கு எடுக்காமல் தப்பிக்கும் வழி அடைபடும். ஆனால் 35 பெண்களும் பத்து ஆண்களும் வேலை செய்யும் சிறு ஆலைக்கு நேற்றுவரை இருந்த கடமை இன்று இல்லாமல் போகிறது. பல ஸ்தாபனங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் வைக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. திருப்பூர் போன்ற ஊரில், சின்னச் சின்ன கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், இது நல்ல ஏற்பாடாகக்கூடும். பிள்ளையை விட்டுவர இரண்டு பஸ் மாறவேண்டும் என்று ஆக்கிவிட்டால் இருந்தும் இல்லாததுதான். பெண்கள் சம்மதித்தால் இரவு ஷிப்டுக்கு எடுக்கலாம் என்று தளர்த்தியவர்கள், இரவில் காப்பகம் திறந்திருக்குமா என்பதற்கு வாய் திறக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஆலைக் குடியிருப்பில் இருக்கும் தொழிலாளிக் குடும்பத்துக்கு மாமியாரும் பக்கத்தில் இல்லை, பாட்டியும் இல்லை. இரவு ஷிப்டில் அந்தப் பிள்ளையை யாரிடம் விடுவது?

வயல் வேலைக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் எட்டுவதில்லை. மிராசுதாரிடம் போய்த் தொட்டில் கேட்க முடியுமா? நடவுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், நாளைக்கு வேறு வயல், வேறு ஆள். இங்கே ஊராட்சியும் சர்க்காருமே பொறுப்பு. 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வேலைத் தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால், அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை ஒதுக்கி, மண்வெட்டுகிறவளுக்கு உள்ள கூலியையே அவளுக்கும் கொடுக்கவேண்டும் என்றது அது. பிள்ளை பார்ப்பதும் உழைப்பு, அதற்கும் முழுக் கூலி என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. நூறு நாள் வேலைக்குப் போன நமது பெண்கள் இதை எவ்வளவு இடத்தில் கேட்டு வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்து ராஜ்யமான கர்நாடகத்தில் 2023-ல் 'கூசின மனே', அதாவது பிள்ளை வீடு, என்ற பெயரில் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் காப்பகம் என்று அறிவித்தார்கள். அங்கே அறிவிக்க முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம்மிடம் அஸ்திவாரம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் ஆரம்பித்த திட்டம், 1982 ஜூலையில் இங்கே சத்துணவோடு சேர்ந்து ஊருக்கு ஊர் கட்டடமும் அடுப்பும் ஆளும் கொண்டதாக வளர்ந்தது. ஆனால் அதன் மணி தாயின் மணி அல்ல. நடவுக்குப் போகிறவள் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போகிறாள். அங்கன்வாடி அப்போது பூட்டியிருக்கிறது. ஆலையில் பகல் ஷிப்டு முடிந்து வருவதற்குள் மறுபடி பூட்டியிருக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைதான் அங்கே உட்காரும். கைப்பிள்ளைக்குச் சத்துமாவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாவு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுமா? அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் 'பால்னா' திட்டத்தை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. கேட்டுக் கேட்டு வாங்கினால்தான் அது நம் கிராமத்துக்கு வந்து சேரும்.

சேரும்போது, அந்த வேலையைச் செய்கிறவளின் தோள்மேல் இலவசமாக ஏற்றிவிடக்கூடாது. அங்கன்வாடி ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்தது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. இதற்குச் சம்பளம் என்ற பெயர்கூட இல்லை, மதிப்பூதியமாம். மதிப்பு இருக்கிறது, ஊதியம்தான் காணோம்! இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்குத் திறக்கவேண்டும், இரவு எட்டு மணிவரை இருக்கவேண்டும் என்று நாம் கேட்டால், இரண்டு ஷிப்டுக்கு இரண்டு செட் ஊழியர்களையும் முறையான சம்பளத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும். இன்று நகரத்து வீடுகளில் ஆயாவாக ஒண்டியிருக்கும் பெண்கள் பயிற்சி பெற்று இந்த இடங்களுக்கு வரலாம். தன் பிள்ளையும் அதே காப்பகத்தில் இருக்க, அவள் ஊரோடு இருந்து வேலை செய்யலாம்.

சர்க்காரிடம் பணமில்லை என்பார்கள். டில்லியில் ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணிலும் புழுதியிலும் கிடந்த சித்தாள்களின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் என்ற அம்மையார் 1969-ல் ஒரு கூடாரத்தில் காப்பகம் ஆரம்பித்தார். வேலை முடிந்து ஆட்கள் அடுத்த தளத்துக்குப் போனால் காப்பகமும் கூடவே போகும். ஒரு கூடாரத்தில் முடிந்தது ஒரு சர்க்காருக்கு முடியாதாம்!

ஒவ்வொரு ஆலைச் சங்கக் கிளையும் விவசாயத் தொழிலாளர் கிளையும் இந்த மாதத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, தாய்க்கும் தகப்பனுக்கும் எந்த ஷிப்டு, பிள்ளை யாரிடம் இருக்கிறது, மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அக்காள் உண்டா என்று எழுதவேண்டும். காண்டிராக்ட் ஆட்களையும், வெளி ராஜ்யத்திலிருந்து வந்தவர்களையும், ஹாஸ்டலில் இருப்பவர்களையும் விடக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு லைன் வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்க்கும் ஆத்தாக்களின் பெயரும் அதில் இருக்கட்டும், அவர்களும் தொழிலாளிகள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பந்தப் பேச்சில் காப்பகத்தைக் கூலியோடு சேர்த்து ஒரே மூச்சில் கேட்கவேண்டும், கூலி முடிந்தபின் பார்க்கலாம் என்று கடைசி வரியில் தள்ளக்கூடாது. பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் மனு போகட்டும், நகல் சங்கத்தில் இருக்கட்டும்.

கோரிக்கைக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் வரவேண்டும். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆண் தோழர்களைச் செயலாளர் முன்கூட்டியே பெயர் குறித்து நியமித்துவிடட்டும். பாயும் தண்ணீரும் பொரிகடலையும் அவர்கள் பொறுப்பு.